குட்டி முயலும் கோஸ் இலையும்

டீ டம்ளரைக் கையில் வாங்கியபடியே பக்கத்து வீட்டுத் தம்பி ஆரம்பித்தார். "அண்ணே, சந்தையில ரெண்டு முயல் குட்டி வாங்கினோம். பாப்பா காலையிலேர்ந்து முட்டைக்கோஸா போட்டுக்கிட்டே இருக்கு. அதுங்களும் சளைக்காம தின்னுதுங்க. பயமில்லையே?"

தின்பதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். எத்தனை நாள் குட்டி என்று கேட்டேன். ஒரு மாசம் இருக்கும் என்றார்.

அங்கேதான் சிக்கல். முயல் குட்டி பிறந்து பத்து நாள் வாக்கில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் கூட்டைவிட்டு வந்து, தாய் தின்பதைத் தானும் கொறித்துப் பார்க்கும். ஆனாலும் பால்தான் பிரதானம். தாய் நாள் முழுக்க மடி கொடுத்துக்கொண்டிருக்காது. பெரும்பாலும் ஒரே முறை, சில நிமிடம், அவ்வளவுதான். அந்தப் பாலிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் குட்டியின் இரைப்பையில் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். வளர்ந்த முயலுக்கு இரைப்பை அமிலமே அந்த வேலையைச் செய்துவிடும். பால் மறக்கும் 4 முதல் 6 வாரம்வரை இரண்டுங்கெட்டான் நிலை: பாலின் காவல் போய்க்கொண்டிருக்கும், அமிலம் இன்னும் தேறியிருக்காது. நாம் சரியாக அந்த நேரம் பார்த்து வாங்கி, இடத்தை மாற்றி, தீனியையும் மாற்றுகிறோம்.

தம்பி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். அதனால் மேற்கொண்டு விளக்குவது சுலபமாயிற்று. முயலின் சிறுகுடல் முடிகிற இடத்தில் ஒரு பை இருக்கிறது, இரைப்பையைவிடப் பெரிது. தழையின் நார் அங்கே போய்த்தான் புளிக்கிறது. புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை. தாய் கூட்டில் போட்டுவிட்டுப் போகும் புழுக்கையைக் கொறித்தும் குட்டி அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. நேற்றுவரை ஒரே அரிசி, ஒரே உளுந்து என்று பழகிய மாவில் இன்று எதையோ கொட்டினால் என்ன ஆகும்? பொங்கி வழியும், அல்லது கெட்டுப்போகும். குட்டியின் வயிற்றிலும் அதே கதை: வாயு ஏறும், கழியும். கோஸ் வேறு வாயுவுக்குப் பேர்போனது.

இன்னொன்றும் சொல்லிவைத்தேன். முயல் தன் பின்புறத்தில் வாய் வைத்து, மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையைத் தின்னும். பாப்பா முகம் சுளிப்பாள், தடுக்க வேண்டாம். அந்தப் பையில் விளைந்த புரதமும் வைட்டமினும் அதில்தான் இருக்கின்றன.

"அப்ப கீரையே கூடாதா?"

கூடும், அவசரம்தான் கூடாது. முதலில் ஒரு வாரம், விற்றவர் என்ன போட்டாரோ அதே தீனி. கூடவே காய்ந்த புல் எந்நேரமும், தண்ணீர் எந்நேரமும். அப்புறம் ஒரே வகைத் தழை, ஒரே ஓர் இலை. மறுநாள் கூண்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். புழுக்கை உருண்டையாக, உலர்ந்து இருந்தால் இரண்டு இலை. இப்படி மூன்று நாலு நாள் போனபிறகுதான் அடுத்த வகை. ஒரே நாளில் இரண்டைத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அருகம்புல்லில் ஆரம்பிப்பேன் நான். பிறகு கொத்தமல்லித் தழை, வேலிமசால், முயல் மசால். பேரிலேயே முயல் இருக்கிற தழை அது! கேரட் கிழங்கு படப் புத்தகத்து முயலுக்கு. சர்க்கரை அதிகம், குட்டிக்கு வேண்டாம். சவுண்டல் தழையை நிறையத் தின்றால் முடி கொட்டும். மரவள்ளி, ஆமணக்கு, அரளி, தக்காளிச் செடியின் இலைகள் பக்கமே போகக்கூடாது.

ஈரத்தழை போட்டால் வயிறு போகும் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீர் மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. குவித்து வைத்த தழைக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். அது கெட ஆரம்பித்துவிட்டது. அலசி, உதறி, நிழலில் பரப்பி, வாடவிட்டுப் போடுவது நல்லது. கூண்டின் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டால் புழுக்கையோடு மிதிபடாது. கழிச்சல் நோய்க் கிருமி பெரும்பாலும் அந்த வழியில்தான் வாய்க்குப் போகிறது.

குட்டி அரை நாள் தின்னாமல் கூனிக்கொண்டு உட்கார்ந்தாலோ, வயிறு உப்பி விண்ணென்று இருந்தாலோ, புழுக்கை நின்றுபோனாலோ, விடியட்டும் என்று இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டில் கிடக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றவே கூடாது. நமக்குச் சாதாரணமான அமாக்ஸிசிலினை வாய்வழி கொடுத்தால், அந்தப் பையிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலே போய்விடலாம்.

தம்பி டம்ளரை வைத்துவிட்டு, முதலில் வீட்டுக்குப் போன் போட்டு கோஸை எடுக்கச் சொன்னார். அடுத்து விற்றவருக்கு. அவர் வேலிமசால்தான் போட்டு வளர்த்தாராம்.

"நல்லதாப் போச்சுண்ணே, நம்ம கிணத்தோரமே கிடக்கு. ஒரு சாக்கு அறுத்துட்டு வந்துடறேன்" என்று வண்டியைக் கிளப்பினார்.

"சாக்குல திணிக்காதீங்க தம்பி" என்று கத்தினேன். வண்டிச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.