நல்ல கணினி விளையாட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி?



"பிள்ளைகள் கணினியைத் திறந்தாலே சுடுவதும் வெட்டுவதும்தான். நல்ல விளையாட்டே கிடையாதா?" பண்டார் தெங்காரா போன்ற, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களிலும் சரி, பட்டணங்களிலும் சரி, பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நல்லவை நிறையவே இருக்கின்றன. அவை நம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் உண்மை.

காரணம் என்ன? பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. ஒருவரோ, ஐந்தாறு பேரோ சொந்த முயற்சியில் செய்யும் விளையாட்டுக்கு அந்தப் பணம் ஏது? இத்தகைய விளையாட்டுகளை 'இண்டி' என்பார்கள். 'ஸ்டீம்' என்ற இணையக் கடையில் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்து குவிகின்றன. விளையாடியவர் ஒருவர் அடுத்தவரிடம் சொன்னால்தான் சிறியவர்களின் படைப்பு பிழைக்கும்.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் 'வெண்பா'. கனடாவின் டொரொண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் குழு இதை 2023-இல் வெளியிட்டது. 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்று குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரின் கதை இது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் சமைப்பதே விளையாட்டு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர்! அங்கே பிறந்த மகன் கவினோ மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகுகிறான். தாய் தமிழில் கேட்க, பிள்ளை வேறு மொழியில் பதில் சொல்லும் காட்சி நம் வீடுகளிலும் உண்டுதானே? பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை இதற்கு வழங்கியது.

யாருக்கு எது?

அமைதியாக விளையாட விரும்புபவருக்கு 'ஸ்டார்டியூ வேலி' (2016). எரிக் பரோன் என்ற தனி மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து உருவாக்கிய விவசாய விளையாட்டு. இசையும் சண்டையும் பிடித்தவருக்கு 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' (2020). ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய வான் ஹஸ்மர் தொடங்கிய மெட்ரோனோமிக் குழு, நம் மலேசியாவிலேயே செய்தது. அண்ணன் தம்பிகள் கூடி விளையாட, இதுவும் மலேசியப் படைப்பான 'கீகாபேஷ்' (2022). சாகசம் வேண்டுமா? புனே நகரில் உருவான 'ராஜி' (2020) இருக்கிறது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சிறுமியின் கதை. புதிர் பிரியர்களுக்கு, ரயில் பாதைகள் அமைக்கும் 'மினி மெட்ரோ' (2015), கைப்பேசியிலும் விளையாடலாம்.

தேடும் வழி

முதலாவது, ஸ்டீம் கடையில் வகைப் பெயரைக் கொண்டு தேடுங்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒரு விளையாட்டின் பக்கத்துக்குப் போனால், அதைப் போன்ற மற்றவையும் அங்கே காட்டப்படும்.

இரண்டாவது, இலவச மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' என்ற இணைய விழாவில் இனி வரப்போகும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைக் காசின்றி முயன்று பார்க்கலாம்.

மூன்றாவது, வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெற ஸ்டீம் அனுமதிக்கிறது. ஆனால், 'வெண்பா' போன்றவை ஏறக்குறைய அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முழுவதும் ரசித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது உழைத்தவர் வயிற்றில் அடிப்பதாகும்.

பரிந்துரைப்பதற்கு முன்

"இதுதான் சிறந்தது" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. கேட்பவரிடம் என்ன கருவி இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, வயது என்ன என்று முதலில் விசாரியுங்கள். இந்தோனேசியாவில் உருவான 'ஏ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட்' (2023) அருமையான படைப்பு. பார்க்கச் சிறுவர் கதைபோல் இருக்கும். ஆனால் மனச்சோர்வு, தற்கொலை பற்றியும் பேசுகிறது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. வயது வரம்பைப் படிக்காமல் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

விளையாடிப் பிடித்திருந்தால், கடைப் பக்கத்தில் இரண்டு வரி கருத்து எழுதுங்கள். எந்த வயதினருக்கு ஏற்றது, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறிப்பிட்டாலே போதும். அடுத்துத் தேடி வரும் பெற்றோருக்கு அது வழிகாட்டும். விளம்பரம் செய்ய வசதியில்லாத அந்தச் சிறு குழுவுக்கும் நான்கு பேர் கூடுதலாக வந்து சேர்வார்கள்.