ஒரே பாதை, நான்கு பருவம்

விடுமுறை கிடைத்தால் நாம் ஊருக்குப் போகிறோம். அது முடியாவிட்டால் ஹரித்வார், ரிஷிகேஷ் போய்க் கங்கையில் குளித்துவிட்டுத் தில்லி திரும்பிவிடுகிறோம். ரிஷிகேஷிலிருந்து தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, ஊக்கிமட் வழியாக இன்னும் ஒரு பகல் வண்டியில் போனால் சோப்தா என்ற சிற்றூர் வரும். அங்கிருந்து துங்கநாத் கோயிலுக்கும் அதற்கு மேலே சந்திரசிலா சிகரத்துக்கும் ஏறும் நடைபாதையைப் பற்றியே இக்கட்டுரை.

சோப்தா சுமார் 2,700 மீட்டர் உயரம். துங்கநாத் சுமார் 3,680 மீட்டர். பாதையின் நீளம் ஏறத்தாழ 4 கி.மீ. தான். நாலைந்து அடி நடந்தால் ஓர் அடி ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். பல்சக்கர உதவியுடன் ஏறும் நம் ஊட்டி ரயில்கூட 12 அடிக்கு ஓர் அடிதான் ஏறுகிறது! ஆனால் கல் பாவிய பாதை என்பதால் நிதானமாக நடந்தால் பெரியவர்களும் ஏறலாம்.

பஞ்ச கேதாரங்களில் மூன்றாவதான துங்கநாத்தின் நடை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்து, தீபாவளியை ஒட்டிய நாட்களில் சாத்தப்படும். பனிக்காலத்தில் உற்சவ மூர்த்தியைக் கீழே மக்குமட் கிராமத்தில் வைத்து வழிபடுகிறார்கள். தரிசனத்துக்காகப் போகிறவர்கள் அந்தந்த ஆண்டின் தேதியைத் தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும்.

மார்ச், ஏப்ரல்: கீழே பனி உருகி, காடெங்கும் 'புரான்ஷ்' மரங்கள் செக்கச் செவேலென்று பூத்திருக்கும். நீலகிரியின் உச்சிகளில் நாம் காட்டுப் பூவரசு என்று சொல்கிறோமே, அதன் நெருங்கிய உறவுதான் இது. பாதையின் மேல்பகுதியில் அப்போதும் பனி கிடக்கும்.

மே, ஜூன்: யாத்திரைக் காலம். வழியில் டீக்கடைகள் இருக்கும். குழந்தைகளுடன் முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது.

ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை: புல்வெளிகளில் சிறு பூக்கள் விரிந்து கிடக்கும். ஆனால் மண்சரிவால் சாலை மூடலாம். காட்டில் அட்டை உண்டு. மொட்டை முகட்டில் இடி விழும் அபாயமும் உண்டு. குடும்பத்தோடு போவதற்கு இது காலமல்ல.

அக்டோபர், நவம்பர்: வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். சந்திரசிலாவிலிருந்து சௌகம்பா, நந்தாதேவி, திரிசூலம் எல்லாம் வரிசையாகத் தெரியும். என்னைக் கேட்டால் இதுவே சிறந்த பருவம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: பாதை பனியில் புதைந்துவிடும். சோப்தா வரை வண்டி போகாத நாட்களும் உண்டு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது.

பனியில் கால் ஏன் புதைகிறது? ரயில் தண்டவாளத்தை நேராக மண்ணில் வைத்தால் அமிழ்ந்துவிடும். அதனால்தான் கீழே சிலீப்பர் கட்டை, அதன் கீழ் ஜல்லி என்று சுமையைப் பரப்புகிறோம். பனிக்காலணியும் இதே தத்துவம்தான். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு காலில் நிற்கும்போது, சுமார் 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அத்தனை எடையும் இறங்குகிறது. அகலமான பனிக்காலணி அதை 1,000 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பினால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிறது. இது புதுப் பனிக்கு. பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்ட இடத்தில் அகலம் உதவாது. பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்தான் காப்பாற்றும். கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் அதிகம். ஆகவே ஓரிரு நாள் பொறுத்து, வழிகாட்டி சரி என்றால் மட்டும் புறப்படுங்கள்.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவானவை சில. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். துங்கநாத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே முதல் இரவு ஊக்கிமட்டிலும் மறு இரவு சோப்தாவிலும் தங்கி உடலைப் பழக்குங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்குவதுதான் மருந்து.

கடைசியாக ஒன்று. காலையில் புறப்படும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நானும் என் மருமகனும் போயிருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று பேசி வைத்திருந்தோம். பன்னிரண்டு அடித்தபோது கோயில் கண்ணுக்கெதிரே தெரிந்தது. "இன்னும் அரை மணிதானே, மாமா" என்றார் அவர். எனக்கும் ஆசைதான். ஆனாலும் திரும்பினோம். முக்கால் மணி நேரத்தில் மேகம் இறங்கி, பத்தடிக்கு முன்னால் போன வழிகாட்டியே தெரியவில்லை. எங்கள் காலடித் தடத்தையும் புதுப்பனி மூடிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் சிவப்பு சிக்னலைப் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று யாரும் வண்டியை ஓட்டுவதில்லை. மலையிலும் அப்படித்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில் மீண்டும் போனோம். சந்திரசிலாவரை ஏறி, சூரிய உதயமும் பார்த்துவிட்டு வந்தோம். மலை எங்கும் போய்விடாது, அன்பர்களே!