வானேறிய எடைக்கல்

மோதி பாக்கில் காய்கறி வாங்கும் நாம் தராசு முள்ளை மட்டும் நம்புவதில்லை. எடைக்கல்லில் முத்திரை உண்டா என்றும் நோக்குகிறோம். அளக்கும் கருவி மெய் சொல்கிறதா என்பதற்கு, அளவு தெரிந்த பொருளே சான்று. அக்கருவி 650 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தால் என் செய்வது?

2015 செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறிய ஆஸ்ட்ரோசாட் என்னும் வானாய்வுத் துணைக்கோளில் இவ்வினா எழுந்தது. அதிலுள்ள கருவிகளுள் ஒன்று, விண்மீன்களிலிருந்து வரும் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களை அளப்பது. இக்கதிர்களைக் காற்று மண்டலம் விழுங்கிவிடும். ஆதலின் கருவி மேலே சென்றே தீரவேண்டும்.

காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் ஆகியவை சேர்ந்த படிகத் தகடுகள் அதில் 64 உள்ளன. தகடு ஒன்றுக்கு 256 கட்டங்கள், ஆக 16,384. கதிர் விழுந்த கட்டத்தில் மின்துடிப்பு எழும். துடிப்பின் அளவே கதிரின் ஆற்றலைக் காட்டும். ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒரே தன்மையுடையன அல்ல. வெப்பநிலை மாறினாலும் துடிப்பு வேறுபடும். கணக்குப் பிழைத்தால், விண்மீனைப் பற்றிய முடிவும் பிழைபடுமன்றோ?

ஆகவே ஏவுமுன் தரையில் பல வெப்பநிலைகளில் சோதித்ததோடு நில்லாமல், கருவியின் நான்கு பகுதிகளிலும் சிறிதளவு அமெரிசியம்-241 வைத்தனுப்பினர். அதன் காமாக் கதிர் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 59,500 எலெக்ட்ரான் வோல்ட் என்பது உறுதி. அதுவே வானேறிய எடைக்கல்.

அது வானத்துக் கதிர்களோடு கலந்துவிடாதா என நேயர்கள் வினவலாம். அமெரிசிய அணு சிதையும்போது ஆல்பாத் துகள் ஒன்றும் வெளிப்படுகிறது. அருகிலுள்ள சீசியம் அயோடைடுப் படிகம் அதைத் தடுத்து ஒளிவிடும். அக்கணமே பதிவாகும் கதிர் எடைக்கல்லுடையது எனக் குறியிடப்படும். வானத்தின் செய்தியைக் குறியில்லாதவற்றில் தேடுவர்.

1054-இல் சீன வானநூலார் கண்ட விண்மீன் வெடிப்பின் எச்சம் நண்டு நெபுலா. அதன் நடுவே வினாடிக்குச் சுமார் 30 முறை சுழலும் துடிமீனின் எக்ஸ் கதிர்கள் எத்திசையில் அதிர்கின்றன, அவ்வதிர்வு சுழற்சியினூடே எங்ஙனம் மாறுகிறது என்பதை இக்கருவி கொண்டு ஆராய்ந்து, 2017-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டத்தின் தன்மையையும் முன்னரே அறிந்திராவிடில் இது கைகூடியிராது.

ஐந்தாண்டுப் பணிக்கென அமைந்த ஆஸ்ட்ரோசாட், 2025-இல் பத்தாண்டுகளை நிறைவு செய்தது. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் பயிலும் நம் சிறார்க்கு இதை எடுத்துரைக்கலாம். புதியன காணும் ஆர்வம் போதாது. கண்டது மெய்தானா எனச் சோதிக்கும் பொறுமையும் வேண்டும்.