காந்தம் ஒட்டாத இடம்

ஹாலிஎல கராஜில் எங்கள் மொரிஸ் மைனரை ஜேக் வைத்துத் தூக்கியதும், பாஸ் இஞ்சின் பக்கமே போகவில்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் வைத்து மெல்ல நகர்த்தினார். ஒரு சாண் தூரம் பிடித்தது. பிறகு கழன்று தரையில் விழுந்தது.

"இந்த இடத்தில தகடே இல்ல தம்பி. பட்டியும் பெய்ன்ட்டும்தான்."

தோட்டத்தில் கிளாக்கராக இருந்த அப்பா வாங்கிய கார் இது. இரவில் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனது இதன் பின்சீற்றில்தான். வைத்திருப்பதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா என்று வீட்டில் இரண்டு வருடமாகப் பேசுகிறோம். அந்தப் பேச்சு எப்போதும் இஞ்சினில் தொடங்கி இஞ்சினிலேயே முடியும்.

இஞ்சினைப் பற்றிக் கவலைப்பட அவ்வளவு இல்லை. இதே குடும்பத்து இஞ்சின்தான் மினியிலும் பல ஒஸ்டின் கார்களிலும் ஓடியது. கழற்றலாம், கடையலாம், பூட்டலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. அந்த ஈயம் வால்வு வந்து உட்காரும் வளையத்தில் மெல்லிய படையாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது. அது போனதால், பழைய ஹெட்டில் கடினமான வளையங்களைப் பதிப்பது நல்லது. நல்ல லேத் பட்டறையில் செய்துவிடக்கூடிய வேலைதான்.

காந்தம் விழுந்த இடம் அப்படியல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனருக்குத் தனிச் செசி கிடையாது. லொறியில் சட்டம் வேறு, கூடு வேறு. மைனரில் கூடுதான் சட்டம். கதவடித் தகடும், தரையும், பின்வில்லைத் தாங்கும் இடமும் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. மட்கார்டில் ஓட்டை விழுந்தால் அது தோலில் பட்ட காயம். இங்கே விழுந்தால் எலும்பு முறிவு. வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். கதவு இறுகினால் கூடு வளைகிறது என்று அர்த்தம்.

துரு ஏன் அந்த இடத்தைத் தேடிப் போகிறது? கேம்பிரிட்ஜில் உலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீரை வைத்து இதைக் காட்டினார். துளியின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் பற்றாக்குறை. கரைவது அந்த நடுப்பகுதி இரும்பு. அங்கே வெளியாகும் இலத்திரன்கள் தகடு வழியாக ஓரத்துக்கு ஓடுகின்றன. ஒரு துளிக்குள் ஒரு பற்றரியே வேலை செய்கிறது. தோட்டப் பாதைச் சேறு கதவடிப் பெட்டிக்குள் புகுந்து அடைந்துகொண்டால் நடப்பதும் இதுதான். காற்றுப் படும் இடம் பிழைக்கிறது, சேற்றுக்கு அடியில் மூச்சு முட்டும் இடம் அரிகிறது.

இருந்தாலும் எங்கள் ஊவா மாகாணம் இந்தக் கார்களுக்கு ஓரளவு நல்ல இடம். கடல் உப்பு இங்கே எட்டுவதில்லை. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பும் இல்லை. ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழையில் நனையும்போது, மலையைத் தாண்டி வரும் காற்று இங்கே வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தனி மணம் தருவதும் அந்த வறட்சிதான்.

எனக்கு இஞ்சினைவிடப் பயம் பிரேக்கில். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறக்கம் சுமார் 550 மீற்றர். ஆட்களோடு 1,000 கிலோ இருக்கும் வண்டி அத்தனை உயரம் இறங்கும்போது விடும் சக்தி, 17 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்றும் இஞ்சினும் வாங்கிக்கொள்கின்றன. மீதி பிரேக் டிரம்முக்கு. டிரம் சூடேறி விரிந்து கட்டையை விட்டு விலகும். ஈரம் குடித்த பழைய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றுவதும், முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக் போடுவதும் பெய்ன்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

புதிய கார் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிறிய காரைச் செய்து முடிக்கவே ஏறத்தாழ 5 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் லீற்றருக்கு 2.3 கிலோ. மைனர் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், புதியது 20 என்றால், வருடம் 3,000 கிலோமீற்றர் ஓடும் எங்களுக்கு மிச்சம் 230 கிலோ. அந்த 5 தொன்னை ஈடுகட்ட 20 வருடத்துக்கு மேல் ஆகும். வருடம் 20,000 ஓடுபவருக்கு மூன்றரை வருடத்துக்குள் ஈடாகிவிடும்; அவர் மாற்றுவதே சரி. புகையில் உள்ள காபனோரொட்சைட்டைக் குறைக்கும் ஊக்கி மாற்றி மைனரில் இல்லை. மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் முன்பக்கமும் இல்லை. தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக இந்தக் காரை நான் எடுக்க மாட்டேன்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், ஒரு காரைத் தூக்கி எறியாமல் பகுதி பகுதியாகப் புதுப்பித்துக்கொண்டே வைத்திருக்கலாம் என்று 1980களிலேயே வாதிட்டார். அதற்கான தகடுகளையும் பாகங்களையும் செய்ய அவர் கூட்டுச் சேர்ந்தது இலங்கையில். இங்கே கையால் தட்டிச் செய்த பாகங்கள் இங்கிலாந்துக்கே போயின. 2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வண்டிகளை ஓட வைத்தவர்கள் நம் பாஸ்மார்தான்.

தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்டச் சொல்லிவிட்டேன். பாஸ் பட்டியைச் சுரண்டியதும் உள்ளிருந்து ஒரு கை செம்மண் கொட்டியது. ஓகஸ்ட் மாதம், மூன்று வாரமாக மழை இல்லை. கட்டியை உடைத்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் ஈரம்.