வயிறு தெரியும் முன்பே தீனி!

விருதுநகர்ச் சீமையில் 'கன்னி ஆடு' தெரியாதவர் இல்லை. கறுப்பு உடல். முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி; செங்கோடு இருந்தால் செங்கன்னி. ஒரே ஈற்றில் 2 குட்டி போடுவது சகஜம். சிவகாசிப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பல குடும்பங்களுக்கு ஆடுதான் சேமிப்பு.

ஆடு சினையானதும், "வயிறு பெருக்கட்டும், அப்புறம் தீனி போடலாம்" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். இது தவறு! ஏன்?

100 பொத்தான்கள்

சினைக்காலம் சுமார் 150 நாள். வயிற்றுக் குட்டிக்குத் தாயின் சத்து நஞ்சுக்கொடி வழியாகவே போகிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி ஒரே தட்டாக இராது. சுமார் 100 இடங்களில், பொத்தான் வைத்ததுபோலக் கருப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கொடி பெரும்பாலும் முதல் 3 மாதத்திலேயே வளர்ந்துவிடும். குட்டி பெருப்பதோ கடைசி 2 மாதத்தில். முதலில் வேர், பிறகுதானே காய்!

முன்மாதங்களில் தாய் பட்டினி கிடந்தால் கொடி சிறுத்துப் போகலாம். பிறகு அள்ளி அள்ளிப் போட்டாலும், குட்டிக்குச் சத்து முழுவதும் போய்ச் சேராது. மெலிந்து பிறக்கும் குட்டி பிழைப்பது கஷ்டம். இரட்டைக் குட்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

கோடையில் கரிசல் காடு காய்ந்து கிடக்கும். மேய்ச்சல் மட்டும் போதாது. சினையான நாள் முதல் அகத்தித் தழை, கடலைக்கொடி, கருவேலங்காய் கொடுக்கலாம். கடைசி 2 மாதம் தவிடும் புண்ணாக்கும் கலந்து தினமும் கால் கிலோ சேர்க்கலாம். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

இன்று ஒரு கட்டுத் தழை போட்டால், நாளை கொட்டிலில் 2 குட்டி துள்ளும்!