மலைவாசிகளுக்கு ஒரு மெக்ஸிகோ பலகாரம்

சேலம் நகரத்தில் மாலை வேளைகளில் தட்டுவடை செட் விற்பவரின் கைகளைக் கவனித்தவர்களுக்கு, மெக்ஸிகோ தேசத்துப் பதார்த்தமாகிய டாக்கோவைப் பற்றி விளக்குவது சிரமமான காரியமன்று. தட்டுவடையின்மேல் சட்டினிகளைத் தடவி, துருவிய காரட்டையும் பீட்ரூட்டையும் வெங்காயத்தையும் பரப்பி, இன்னொரு தட்டுவடையால் மூடி, கேட்டவர் எதிரில் நிற்கும்போதே செய்து கொடுக்கிறாரே, அந்த உடனடித் தன்மையில்தான் இவ்விரண்டு பண்டங்களின் ஜீவனும் இருக்கிறது. மொறுமொறுப்பும் புளிப்பும் வாயில் சந்திக்கவேண்டுமேயன்றி, அதற்கு முன்பாகத் தட்டில் சந்தித்துவிடலாகாது.

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைப்பாதையில் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைந்தவுடன் இந்த விதி இன்னும் கண்டிப்பாகிறது. பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் நாட்களில், பொரித்த எதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சீக்கிரமே நமுத்துப்போகும். ஆகவே டாக்கோவுக்கான மக்காச்சோள ரொட்டிகளை முன்னதாகப் பொரிப்பவர்கள், ஆறியவுடன் தகர டப்பாவில் அடைத்து, உண்ணுமுன் சூடான தோசைக்கல்லில் ஒருமுறை போட்டெடுப்பது அவசியம்.

மெக்ஸிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த ஜலத்தில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைக்கிறார்கள். இதனால் மாவு விரிசல் விடாமல் சேர்ந்துகொள்வதோடு, தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற சத்தும் உடலுக்குக் கிடைக்கிறது. சோளத்தை மாத்திரம் ஏற்று, இந்தச் சுண்ணாம்பு முறையை ஏற்காத இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் எத்தனையோ ஏழைகள் பெல்லக்ரா நோய்க்கு இரையானார்கள் என்பதை நினைக்கும்போது, மெக்ஸிகோப் பூர்வகுடிகளின் சமையல் ஞானத்தை வணங்கத் தோன்றுகிறது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவு அவ்விதம் பக்குவப்படாதது; ஆதலால் மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவும் உப்பும் சேர்த்து, கொதிநீரில் பிசைந்து, வாழையிலையில் மெல்லியதாகத் தட்டி, கல்லில் இருபுறமும் வாட்டி, பிறகு காய்ந்த எண்ணெயில் இட்டு, இளகியிருக்கும்போதே கரண்டியால் பாதியாக மடித்துப் பொரிக்கவேண்டும்.

ரொட்டியினுள் வைப்பதற்குக் கோழியில் எலும்பு நீக்கிய தொடைக்கறியே உத்தமம். அரைக் கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழச் சாறு, பூண்டு, உப்பு, மிளகாய்த்தூள் இவற்றோடு, காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றிப் படரும் கொடியில் விளைந்த மிளகைப் புதிதாக இடித்துச் சேர்த்து, அரைமணி நேரம் ஊறவிட்டால் போதும். புளிப்பு அதிக நேரம் தங்கினால் இறைச்சியின் மிருது கெடும். ஊறிய கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி, கனமான இரும்புச் சட்டியில் நெருக்கமில்லாமல் பரப்பி வறுக்கவேண்டும். நெருக்கினால் நீர் விட்டு, கறி வறுபடாமல் வெந்துவிடும்.

புளிப்புக்கு வெளியூர்ப் புட்டிகள் எதற்கு? மெக்ஸிகோவின் யுகட்டான் பிரதேசத்தார் புளிப்பு நாரத்தை இனத்துப் பழச்சாற்றை இறைச்சியில் சேர்ப்பதுபோல, சேர்வராயன் மலையின் ஆரஞ்சுச் சாற்றோடு எலுமிச்சை கலந்து, அதில் மெல்லிய வெங்காயத்தை உப்பிட்டுக் கால்மணி ஊறவைத்தால், அது எந்தச் சாஸுக்கும் சளைத்ததன்று என்பது என் திடமான அபிப்பிராயம். ரொட்டியில் முதலில் கறியும், அதன்மேல் பிழிந்த வெங்காயமும் கொத்தமல்லியும், கடைசியில் வடிகட்டிய கெட்டித் தயிரும் வைக்கவேண்டும்.

பொரிக்கும்போது உடைந்த ரொட்டிகளை எறிந்துவிட வேண்டாம். சேலத்தார் நொறுக்கல் செய்வதுபோல அவற்றை நொறுக்கி, மிஞ்சிய கறியும் வெங்காயமும் கூட்டிப் பிசிறிக் கொடுத்தால், குழந்தைகள் இதையே முதலில் கேட்பார்கள்.