செஸ்டர் பர்னார்டும் தொலைபேசிக் கம்பங்களும்

செஸ்டர் பர்னார்ட், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக்குத் தொலைபேசிச் சேவை அளித்த நியூஜெர்சி பெல் நிறுவனத்தின் முதல் தலைவர். 1927 முதல் 1948 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதே காலத்தில் மற்ற மாநிலங்களில் இருந்த தொலைபேசிக் கம்பெனித் தலைவர்களின் பெயரெல்லாம் மறந்துபோய்விட்டன. பர்னார்டின் பெயர் மட்டும் மேலாண்மை படிக்கும் மாணவர்களின் பாடப்புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. ‘ஒரு தலைவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன விசித்திரமான பதில்தான் அதற்குக் காரணம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் என்ற ஊரில் 1886-இல் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். வசதியில்லாத குடும்பம். இளவயதிலேயே பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1906-இல் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொருளாதாரம் படித்தார். பியானோ வேலை, நடன இசைக்குழு, பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது என்று கைச்செலவுக்குச் சம்பாதித்தார். ஆய்வுக்கூட அறிவியல் பாடம் குறைந்ததால் பட்டம் கிடைக்கவில்லை. 1909-இல் பட்டமில்லாமலே வெளியேறினார். பிற்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தன.

1909-லேயே ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை கிடைத்தது. வெளிநாடுகளில் தொலைபேசிக் கட்டணம் எப்படி வசூலிக்கிறார்கள் என்று படித்துச் சொல்வது அவர் பணி. மொழிகள் தெரிந்திருந்தது இதற்குக் கைகொடுத்தது. முதல் உலகப் போரின் இறுதியில் அமெரிக்க அரசு தொலைபேசித் தொழிலைச் சிறிது காலம் தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோது, கட்டண விவகாரங்களில் அரசுக்கு ஆலோசனை சொன்னார். 1922-இல் பென்சில்வேனியா பெல் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். அங்கேதான் எண்களை விட்டு ஆட்களை நிர்வகிக்கும் வேலைக்கு வந்தார். ஐந்தே ஆண்டில், நாற்பது வயதில், புதிதாக உருவான நியூஜெர்சி பெல் நிறுவனத்தின் தலைவரானார்.

இந்தத் தலைவர் பதவி எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள அன்றைய பெல் அமைப்பைப் பார்க்க வேண்டும். உச்சியில் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. தொலைதூரத் தடங்கள் அதன் கையில் இருந்தன. கருவிகளைத் தயாரித்தது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். ஆராய்ச்சி பெல் ஆய்வகத்தில் நடந்தது. உள்ளூர்ச் சேவையை மாநிலவாரியான கிளைக் கம்பெனிகள் நடத்தின. கட்டணத்தை உயர்த்த மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கருவியை மாற்றுவதென்றால் தாய் நிறுவனத்தின் தரநிர்ணயத்தை மீற முடியாது. போட்டியாளர் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக யாரும் இல்லை. ஆகவே ஒரு மாநிலக் கம்பெனித் தலைவர், பெயருக்குத் தலைவரே தவிர, துணிகர முடிவுகளுக்கு அவருக்கு இடம் குறைவு. எஞ்சியது ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான ஆபரேட்டர்களும் லைன்மேன்களும் எழுத்தர்களும் ஒருவரோடொருவர் ஒத்துப்போய் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வது. பர்னார்டின் சிந்தனை முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

நியூவார்க் நகரின் பிராட் தெருவில் 1929-இல் நிறுவனத்தின் இருபது மாடித் தலைமையகம் எழுந்தது. கட்டி முடித்த அதே ஆண்டில் பங்குச்சந்தை சரிந்தது. நாடு பெருமந்தத்தில் விழுந்தது. வேலை போனவர்கள் முதலில் விட்டவற்றில் ஒன்று தொலைபேசி. 1931-இல் மாநில அரசின் அவசர நிவாரண அமைப்பை உருவாக்கி நடத்தும் பொறுப்பு பர்னார்டிடம் வந்தது. 1935-இல் மீண்டும் அதே பொறுப்பு.

அந்த 1935-இல் டிரென்டன் நகரில் நடந்ததை அவரே பிறகு ஹார்வர்டு மாணவர்களுக்கு ஒரு பாடமாக விவரித்தார். வேலையில்லாதவர்களின் பிரதிநிதிகள் சிலர் அவரைச் சந்திக்க வந்திருந்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே திரண்டிருந்த கூட்டத்துக்கும் போலீசுக்கும் மோதல் வெடித்தது. சந்திப்பைத் தள்ளிவைத்தார். சில நாள் கழித்து அதே ஆட்களை அழைத்து உட்கார வைத்து, அவர்களின் குறைகள் எல்லாவற்றையும் நீண்ட நேரம் பேசவிட்டுக் கேட்டார். தனித்தனியாகப் பார்த்தால் பல குறைகள் சிறியவை என்றே அவருக்குத் தோன்றியது. ஆனால் வந்தவர்களுக்கு உணவைவிடவும் முக்கியமாக இருந்தது, தங்களையும் ஒரு பொருட்டாக மதித்து யாராவது பேச வேண்டும் என்பது. பர்னார்டின் இந்த முடிவு சரிதான் என்றாலும், வயிறு நிறைந்த ஒரு கம்பெனித் தலைவர் சொல்லும்போது அதில் ஒரு வசதியும் இருக்கிறது என்பதை வாசகர் கவனிக்கலாம்.

1937-இன் இறுதியில் பாஸ்டனின் லோவல் கல்வி நிலையத்தில் தொடர் சொற்பொழிவாற்ற அழைப்பு வந்தது. அந்த உரைகளை விரித்தெழுதியதுதான் 1938-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘நிர்வாகியின் பணிகள்’ என்ற நூல். படிக்கக் கடினமான நூல் அது. வாக்கியங்கள் இறுகிக் கிடக்கும். ஆனால் சுரங்கத்தில் தங்கம்போல நடுநடுவே தொலைபேசிக் கம்பெனியின் அன்றாடம் எட்டிப் பார்க்கும்.

அதன் மையக் கருத்து எளிது. கட்டளைக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்பவர் கட்டளையிடுபவர் அல்லர், பெறுபவரே. சொன்னது அவருக்குப் புரிய வேண்டும். நிறுவனத்தின் நோக்கத்துக்கு அது முரணாகத் தோன்றக்கூடாது. அவருடைய சொந்த நலனோடு மோதக்கூடாது. செய்யும் சக்தியும் அவருக்கு இருக்க வேண்டும். இவை நான்கும் கூடினால்தான் கட்டளை கட்டளையாகிறது. அப்படியானால் அலுவலகங்கள் எப்படி நடக்கின்றன? பெரும்பாலான உத்தரவுகளை ஊழியர் யோசிக்காமலே ஏற்றுக்கொள்ளும் ஓர் எல்லை உண்டு என்றார் பர்னார்ட். புத்திசாலியான நிர்வாகி அந்த எல்லையைத் தாண்டிக் கட்டளையிட மாட்டார். தாண்ட வேண்டியிருந்தால் முதலில் ஆட்களைத் தயார்படுத்துவார்.

மேலிருப்பவர் உண்மையில் எவ்வளவு குறைவாக முடிவு செய்கிறார் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறார். தெருவின் ஒரு பக்கத்தில் கேபிள் தாங்கி நிற்கும் இரண்டு தொலைபேசிக் கம்பங்களை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றும்படி கம்பெனித் தலைவர் உத்தரவிடுகிறார். அந்த ஒரு வரியை நிறைவேற்ற, 15 இடங்களில் இருக்கும் 100 பேர் ஏறக்குறைய 10,000 முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் மதிப்பீடு. நிலத்துக்காரரின் சம்மதம், நகராட்சி அனுமதி, கம்பம் எந்தக் கிடங்கிலிருந்து வருவது, குழி எங்கே தோண்டுவது, எந்த நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம். பிறகு கேட்டால், விரல்விட்டு எண்ணக்கூடிய சில முடிவுகளைத்தான் அவர்கள் நினைவுகூர்வார்கள்.

இன்னொரு கதை ஓர் ஆபரேட்டரைப் பற்றியது. படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைக் கவனித்துக்கொள்வதற்காகவே, வீடு கண்ணுக்குத் தெரியும் ஒதுக்குப்புற எக்ஸ்சேஞ்சில் வேலையை ஏற்றவர். ஒருநாள் அந்த வீடு தீப்பற்றி எரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சுவிட்ச்போர்டை விட்டு எழாமல் இருந்தார். தாயை மற்றவர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுகிறார் பர்னார்ட். கடமை உணர்வின் உச்சமாக அவர் இதைக் காட்டுகிறார். ஒரு நிறுவனம் மனிதரை எவ்வளவு தூரம் விழுங்கிவிட முடியும் என்பதற்கும் இதே கதை சான்றாகும். அந்தப் பக்கத்தை அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

பர்னார்டின் கோட்பாட்டுக்கு அவர் நிறுவனத்திலேயே ஒரு சோதனை வந்தது. 1947 ஏப்ரலில் அமெரிக்கா முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண் ஆபரேட்டர்கள். நியூஜெர்சியில் பொதுச்சேவைத் துறைகளில் வேலைநிறுத்தத்துக்கு எதிராக மாநில அரசு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஆபரேட்டர்கள் பணியவில்லை, அவர்களின் சங்கத் தலைவிகள் மூவர் கைது செய்யப்பட்டார்கள். பெறுபவர் ஏற்காத கட்டளைக்கு அதிகாரம் இல்லை என்று பர்னார்ட் ஒன்பது ஆண்டுக்கு முன்பே எழுதியிருந்ததை அந்தப் பெண்கள் செய்து காட்டினார்கள்.

தொலைபேசிக்கு வெளியேயும் அவருக்கு வேலைகள் குவிந்தன. போர்க்காலத்தில் படைவீரர்களின் நலனுக்கான யு.எஸ்.ஓ. அமைப்பின் தலைவராக 1942 முதல் 1945 வரை இருந்தார். அணுசக்தியைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் வைப்பது பற்றி 1946-இல் அறிக்கை தயாரித்த ஐவர் குழுவில், அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரோடு அவரும் ஒருவர். நியூஜெர்சியில் பாக் இசைச் சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1948-இல் தொலைபேசிக் கம்பெனியை விட்டு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் தலைவரானார். 1952 வரை அங்கே இருந்தார். தேசிய அறிவியல் வாரியத்தின் தலைவராகவும் 1950களின் முற்பகுதியில் பணியாற்றினார். 1961-இல் காலமானார்.

நியூஜெர்சி பெல்லின் வரலாற்றில் பெயர்பெற்ற தொழில்நுட்ப நிகழ்வு அவர் போன பிறகே நடந்தது. 1951 நவம்பரில் எங்கிள்வுட் நகர மேயர், ஆபரேட்டர் உதவியில்லாமல் தாமே எண்களைச் சுழற்றிக் கலிஃபோர்னியாவின் அலமீடாவுடன் பேசினார். டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளக்கத் தேவையில்லை.

பர்னார்டின் நூலை ஊன்றிப் படித்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் சைமன். நிறுவனங்களில் முடிவெடுப்பது பற்றி 1947-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியவரே பர்னார்ட்தான். சைமனுக்கு 1978-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபக்கம், சார்லஸ் பெரோ போன்ற சமூகவியலாளர்கள் பர்னார்டைக் கடுமையாக விமர்சித்தார்கள். எங்கும் ஒத்துழைப்பையே பார்த்தவர், நிறுவனத்துக்குள் இருக்கும் பலத்தையும் பலவீனத்தையும், யார் சொல்லை யார் தட்ட முடியாது என்பதையும் கண்டுகொள்ளாமல் விட்டார் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது அந்த 1938 புத்தகத்தைத்தான்; அது இப்போதும் அச்சில் இருக்கிறது.